நிற்காத இன்வெர்ட்டர்

2009 மார்ச், வியாழன் இரவு

கண்ணை மூடினால் லைன்மேன் முனிராஜுவின் கைதான் தெரிகிறது.

ஆனேக்கல் தொழிற்சாலைக் கூரையில் நாங்கள் போட்ட சோலார் பேனல்களை இன்று மின்வாரிய லைனோடு இணைத்துச் சோதித்தோம். வெளியே ஒரு வயரை மாற்ற, முனிராஜு லைனை ஆஃப் செய்துவிட்டுக் கம்பத்தில் ஏறினார். அந்த நொடியே, பேனல் கரண்ட்டை லைனுக்கு அனுப்பும் எங்கள் இன்வெர்ட்டரும் தானாக நின்றிருக்க வேண்டும். ஆனால் தொழிற்சாலைக்குள் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. பேனல்களிலிருந்து கரண்ட் லைனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளியே ஓடினேன். அவர் கை கம்பியை நெருங்கியிருந்தது. "அண்ணா, கை வெக்காதீங்க! லைன்ல கரண்ட் இருக்கு!"

அவர் சிரித்தபடி கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "நானே ஆஃப் பண்ணிட்டுதானே மேடம் ஏறினேன். சும்னே பயப்படறீங்க."

"டெஸ்டர் வெச்சுப் பாருங்கண்ணா!"

வைத்தார். டெஸ்டர் எரிந்தது.

ஓடிப்போய் பேனல்களின் மெயின் சுவிட்சை அணைத்தேன். முனிராஜு வயரை மாற்றாமலே கீழே இறங்கி வந்தார்.

எங்கள் கம்பெனி மேனேஜருக்குத் திறப்பு விழாக் கவலை. "ஒரு தடவைதானே ஆச்சு? நாளைக்கு ஆன் பண்ணிடு."

இன்வெர்ட்டர் ஏன் நிற்கவில்லை என்று தெரியாமல் போடமாட்டேன் என்றேன்.

"அப்ப வேற ஆளை வெச்சுப் போட்டுக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முனிராஜுவுக்குப் போன் செய்தேன். "நாளைக்கு மீதி வேலைக்கு யார் சொன்னாலும் அந்தக் கம்பத்துல ஏறாதீங்கண்ணா."

"நான் ஏறலேன்னா வேற ஒருத்தனை ஏத்துவாங்க மேடம்" என்றார்.

அவர் வைத்ததும் அதிகாலைக்கு அலாரம் வைத்தேன்.

ஆனேக்கலுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியவில்லை. மேனேஜருக்கு முன்னால் நான் அங்கே இருக்க வேண்டும்.