கூட வருபவர்

என்னங்க,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதிப் பழகுகிறேன்.

அன்றைக்கு பிரிக்பீல்ட்ஸில் விசா ஏஜென்ட் மெஹ்ரின், ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்கும் பி.ஆருக்கு நர்ஸான நான்தான் முதல் விண்ணப்பதாரர், நீங்கள் 'கூட வருபவர்' என்றார். அவர் முன்னால் சிரித்தீர்கள். காருக்கு வந்ததும், "பொண்டாட்டி விசாவுல தொங்கிக்கிட்டு வர நான் என்ன லக்கேஜா?" என்று கத்தினீர்கள். நான் கதவின் விளிம்பைப் பிடித்தபடி நின்றிருந்தேன். கதவு சாத்திக்கொண்டது. நீங்களே திறந்தீர்கள். விரல்களை விடுவிக்கத்தான் என்று நினைத்தேன்.

கிள்ளானில், நான் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே கட்டுப் போட்டார்கள். எப்படி ஆச்சு என்று சிஸ்டர் ரமணி கேட்டார். "காத்துல கதவு சாத்திருச்சுக்கா" என்றேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"காத்து ஒரு தடவைதான் சாத்தும் லா. இது ரெண்டு தடவை."

உங்கள் சட்டைகளைத் தேய்த்து வைக்க முடியவில்லை. குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

நேற்று மெஹ்ரினுக்குப் போன் செய்தேன். "தனியாப் போனா விசா பாயிண்ட் குறையாதுக்கா" என்றார். பிறகு ரமணி அக்காவின் காரில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். காற்று என்று அங்கே சொல்லவில்லை.

அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு இதோ பதில். நீங்கள் லக்கேஜ் இல்லை. லக்கேஜாக இருந்திருந்தால் கூடவே எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

இப்படிக்கு,
முதல் விண்ணப்பதாரர்