எனக்காக நீ சொன்ன பொய்

அண்ணா,

இன்று காலை உன் மகள் பவித்ராவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். உன்னுடைய அகலப் பல் சீப்புதான். தேங்காயெண்ணெய் வாசனை அதில் ஊறிப்போயிருக்கிறது. அண்ணிக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் என்பதால், உங்கள் தொம்மலூர் வீட்டுக்கு வந்து பள்ளிக்கு அனுப்புவது என் வேலை. சிக்கு எடுக்கும்போது பவித்ரா தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"அத்தை, நீங்க மேலேருந்து இழுக்கறீங்க. அப்பா நுனியிலேருந்து எடுப்பாரு."

பதினோரு வயதுப் பெண் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அதன்பின் கை ஓடவில்லை. அவள் வேன் ஏறிப் போனபிறகும் உட்காரமுடியாமல் அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள் இவள். வீட்டுக்கு வந்தபோது உன் உள்ளங்கையில் அவள் முதுகு அடங்கிவிடும். நம் அம்மா அப்போது இல்லை. அண்ணியின் அம்மா படுத்த படுக்கை. அண்ணி நர்ஸ் வேலையை விட்டுவிடுவாள் என்றுதான் எல்லோரும் இருந்தோம். யாரும் அவளைக் கேட்கக்கூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்குப் பாலாடையில் பால் புகட்டிக்கொண்டே நீ சொன்னாய்: "அவளுக்கு அந்த வேலை உயிரு. எனக்கு லேத் முன்னாடி நின்னாலும் மனசு இங்கதான் நிக்குது. நான் இருந்துக்கறேன் வீட்ல."

நான் சிரித்தேன். மறுமாதம் ஒர்க்‌ஷாப்பில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாய்.

கீழ்வீட்டுக்காரர் படியில் பார்க்கும்போதெல்லாம் "ஏனு சார், டியூட்டி இல்வா?" என்று கன்னடத்தில் கேட்பார், வேலைக்குப் போகவில்லையா என்று. நீ தோளில் கிடந்த குழந்தையைக் காட்டி, "இதே டியூட்டி சார்" என்பாய். பள்ளியில் சேர்த்தபோது வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் உன்னைச் சேர்த்தார்கள். ஆண் ஒருவர் இருப்பது சங்கடமாக இருக்கிறது என்று இரண்டே நாளில் நீக்கினார்கள். அதற்குப்பிறகு வீட்டுப்பாடம் என்னவென்று வேன் நிற்கும் இடத்தில் ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டு நிற்பாய். "உங்கண்ணன் வீட்ல புடவை யாரு கட்டறாங்க?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சிரிப்பு இருந்தது.

என் மகள் ரேகாவைப் பெண் பார்க்க வந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். முந்தின நாளே உன்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்: "அண்ணா, யாராவது கேட்டா பிசினஸ்னு சொல்லிடு. பொண்ணு வாழ்க்கை."

மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார், "நீங்க என்ன பண்றீங்க?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "சின்னதா பிசினஸ்" என்றாய்.

உன் மடியோரம் நின்றிருந்த பவித்ராவுக்கு அப்போது எட்டு வயது. "இல்ல, எங்கப்பா வீட்ல இருக்காரு. என்னைப் பாத்துக்கறாரு" என்றாள். நான் முந்திக்கொண்டேன். "இவ இப்படித்தான், எப்பவும் பொய் சொல்லி விளையாடுவா" என்று அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனேன். அவள் அழக்கூட இல்லை. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று உன்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நீ குனிந்து காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவர்கள் போனபின் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "உனக்காக ஒரு தடவை சொல்லிட்டேன்மா. இனிமே என் புள்ள முன்னாடி என்னைச் சொல்ல வெக்காதே." கோபம்கூட இல்லை உன் குரலில். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கல்யாண வேலை முடியட்டும் என்று தள்ளினேன், பிறகு பண்டிகை, பிறகு வேறொன்று. போன வருடம் சந்தைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை.

இப்போது ரேகாவுக்கு ஐந்து மாதக் குழந்தை. ஆபீசுக்குத் திரும்பப் போகிறேன் என்றதற்கு அவள் மாமியார் முடியாது என்றுவிட்டார். மாப்பிள்ளை, வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர். பாதிநாள் குழந்தையைத் தானே பார்த்துக்கொள்வதாக வாய் திறந்திருக்கிறார். "நம்ம குடும்பத்துல ஆம்பளைங்க அதெல்லாம் பண்றதில்ல" என்று அதையும் அடைத்துவிட்டார்கள். ரேகா போனில் அழுதாள்.

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன், அண்ணா. சம்பந்தி அம்மாள் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். "எங்கண்ணன் பிசினஸ் எதுவும் பண்ணலீங்க. பத்து வருஷம் வீட்ல இருந்து புள்ளைய வளத்தாரு. அன்னிக்கு அந்தக் குழந்தை சொன்னதுதான் நிஜம். நான்தான் வெக்கப்பட்டு மறைச்சேன்." அந்த அம்மாள், "இத இப்ப எதுக்கு சொல்றீங்க?" என்றார். "அவரு செஞ்சதுல தப்பு ஒண்ணும் இல்ல. உங்க புள்ளையும் செய்யட்டும்" என்றேன். மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தார். ரேகா தலையைக் குனிந்துகொண்டாள். ஆகட்டும் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. இன்றுவரை பதில் வரவில்லை.

ஊருக்கெல்லாம் சொல்லும்முன் பவித்ராவிடம் சொல்லியிருக்க வேண்டும். நேற்றுத்தான் சொன்னேன். "அன்னிக்கு நீ பொய் சொல்லல கண்ணு. அத்தைதான் சொன்னேன்." அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும்" என்றாள். "அப்பா அன்னிக்கே ஸாரி கேட்டுட்டாரு."

இதோடு முடிந்திருந்தால் இன்று இப்படித் தவிக்கமாட்டேன். சனிக்கிழமை நடந்ததில் இன்னொன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். நான் பேசி முடித்துக் கிளம்பும்போது உள்ளே குழந்தை அழுதது. மாப்பிள்ளை எழுந்துபோய்த் தூக்கிக்கொண்டு வந்தார். தோளில் சரியாகத்தான் போட்டிருந்தார், நீ போடுவதுபோல. சம்பந்தி அம்மாள் அசையவில்லை, ரேகாவும் அசையவில்லை. நான்தான் எழுந்து இரண்டு கையையும் நீட்டி, "குடுங்க மாப்ள, உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றேன்.

அவரும் கொடுத்துவிட்டார்.