லைட் பத்துதே, பிறகென்ன?

நானா,

சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் கையிலிருந்து கிறீஸ் மணம் போகவில்லை. இன்று காலை கராஜ் பாஸ் நம்முடைய ஜீப்புக்கு வேறொரு முன் சாஃப்ட் கொண்டுவந்து பூட்டினார். பக்கத்தில் படுத்துக்கொண்டு நட்டுகளை எடுத்துக் கொடுத்தது நான். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மௌத்தானவரை ஏசக் கூடாது என்று மதினி சொல்கிறா. அவ உங்களுக்கு வாழ்க்கைப்பட்டவ, அவவுக்குப் பொறுமை பழகிவிட்டது. நான் உங்கள் தங்கச்சி. என்னால் ஏசாமல் இருக்க முடியாது.

கடற்கரையில் நம் கருவாட்டு வாடியிலிருந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மணலைக் கடக்கும்போதெல்லாம் ஜீப் திணறியது. நான் கேட்டேனா இல்லையா?

"நானா, ஃபோர் வீல் போட்டும் முன் சக்கரம் இழுக்கிற மாதிரி இல்லயே."

நீங்கள் டாஷ்போர்டில் எரிகிற ஃபோர் வீல் லைட்டைக் காட்டினீர்கள். "லைட் பத்துதே தங்கச்சி, பிறகென்ன?"

அதே வாயால்தான் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "ஒண்டுமில்ல, வாய்வு" என்றும் சொன்னீர்கள். இஞ்சித் தண்ணி குடித்தீர்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் கருவாடு காயப்போடுகிற பரணுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. மதினியும் நானும் உங்களைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினோம். தார் போட்ட காபட் றோட்டு கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், நடுவில் மணல். ஃபோர் வீலைப் போட்டேன். லைட் அழகாக எரிந்தது. ஜீப் நின்ற இடத்திலேயே குழி தோண்டியது.

டயர்களில் காற்றை இறக்கினேன். முன் சக்கரங்களின் நடுவில் இருக்கிற லொக்கைத் திருகிப் பார்த்தேன், சரியாகத்தான் விழுந்திருந்தது. கியரை எடுத்து, கொஞ்சம் பின்னுக்கு விட்டு, திரும்பவும் போட்டேன். பின் சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன, முன்னிரண்டும் சும்மா கிடந்தன. கடைசியில் அடியில் புகுந்து பார்த்தேன். எஞ்சினின் இழுவையை முன்னுக்குக் கொண்டுபோகிற அந்த இரும்புத் தண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"முன் சாஃப்ட் எங்க நானா?" என்று கத்தினேன். உங்களுக்குப் பேச்சு வரவில்லை. கையைத் தூக்கிப் பரண் பக்கம் காட்டினீர்கள். பரணடியில் தண்ணிக் குடம் இருந்தது. தாகமாக்கும் என்று மதினி ஓடிப்போய் ஒரு கோப்பை தண்ணி கொண்டுவந்தா. நீங்கள் குடிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினீர்கள்.

கரைவலைக்காரரின் டிராக்டர் வந்து நம்மை இழுத்து றோட்டில் விடுவதற்குள் உங்கள் கை சில்லிட்டுப் போயிருந்தது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்றார் டொக்டர். நான் என்ன பதில் சொல்ல? லைட் எரிந்தது டொக்டர் என்றா?

உங்களுக்காகக் கத்தம் எல்லாம் ஓதி முடிந்த பிறகு ஒருநாள் கச்சான் காற்று, பரணின் மூலைக் கம்பில் சுற்றியிருந்த சாக்கைப் பிய்த்துக்கொண்டு போனது. அது கம்பு இல்லை. நம்முடைய சாஃப்ட். சாக்கைச் சுற்றி, மணலில் நட்டு, பரணுக்குக் காலாக்கி வைத்திருந்தீர்கள். காகம் கொத்தாமல் விரிக்கிற வலையை நான் தினமும் அதில்தான் கட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் தண்ணி கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"டீசல் தட்டுப்பாட்டுல கியூ நிண்ட காலத்துல கன பேர் சாஃப்டக் கழட்டின," என்றார் கராஜ் பாஸ். "பாரம் குறைஞ்சா டீசல் மிச்சம் எண்டு ஒரு கதை. கழட்டினாலும் கியர் விழுந்தா லைட் பத்தும். ஆனா கழட்டத் தேவையே இல்ல தங்கச்சி. சக்கரத்து லொக்கத் திறந்து விட்டாலே சாஃப்ட் சும்மாதான் கிடக்கும்."

தேவையே இல்லாத வேலை, நானா. கழற்றினீர்கள், சரி. கியூ முடிந்த பிறகாவது பூட்டினீர்களா? அதுதான் போகட்டும், என்னிடம் ஒரு சொல் சொன்னால் உங்கள் கிரீடம் இறங்கிவிடுமா? அந்த மணலில் அந்த ஜீப்பை ஓட்டுகிறவள் நானில்லையா?

உப்பில் ஊறிப்போன அந்தத் தண்டைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார் பாஸ். நான் கொடுக்கவில்லை. வலையை இன்னும் அதில்தான் கட்டுகிறேன். முடிச்சுப் போடும்போது உங்களை ஏசுவேன். ஏசி முடிந்ததும் உங்களுக்காகத் துஆக் கேட்பேன். இரண்டுக்கும் எனக்கு இருப்பது ஒரே வாய்.

இன்று பின்னேரம் பக்கத்து வாடிக்காரர் தன் மகளைப் பிரசவத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஓடிவந்தார். அவளை ஏற்றி, ஃபோர் வீலைப் போட்டுவிட்டு, நான் கீழே இறங்கினேன். மனுஷன் பதறிப்போனார்.

"லைட் பத்துதே புள்ள, பிறகென்ன?"

"பத்தட்டும்," என்றேன்.

மணலில் மல்லாந்து படுத்து அடியில் பார்த்தேன், நானா. சாஃப்ட்டைக் கையால் பிடித்து ஆட்டியும் பார்த்தேன். பிறகுதான் ஏறி ஓட்டினேன்.