உங்கள் செம்மஞ்சள் தொப்பி

அண்ணை,

நாங்கள் வீடு மாறுகிறோம். அஜக்ஸில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. பின்வேலிக்கு அப்பால் சின்னதாக ஒரு பற்றைக்காடும் இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, மகளின் குழந்தைக்கால உடுப்புகள் வைத்த பையின் அடியில் உங்கள் தொப்பி தட்டுப்பட்டது. செம்மஞ்சள் கொஞ்சமும் மங்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன். ஈரக் கம்பளியும் பைன் இலையும் உங்கள் சிகரெட்டும் கலந்த மணம் ஐந்து வருடமாகியும் அப்படியே இருந்தது. பெட்டியின் மேலேயே இருந்துவிட்டேன்.

உங்களிடம் வாயால் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். இதைப் படிக்க நீங்கள் இல்லை என்பது தெரிந்தும் எழுதுகிறேன்.

ஸ்காபரோ வீட்டின் பேஸ்மன்றில் இரண்டரை வருடம் இருந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் இவரோடு ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து படித்தவர் என்பதால் வாடகைக்காரர் என்ற எண்ணம் ஒருநாளும் எங்களுக்கு வந்ததில்லை. முலாம் பூசும் தொழிற்சாலையில் வேலை. நவம்பர் வந்தால் மட்டும் ஆளே மாறிவிடுவீர்கள். வேட்டை லைசென்ஸ் எடுத்து, பூட்டுப் பெட்டியோடு துவக்கும் வாங்கி, வடக்கே இரண்டு மணித்தியாலம் வாகனம் ஓடி அரசாங்கக் காட்டுக்குப் போவீர்கள். காசுள்ளவர்களுக்குச் சொந்தக் காணி, எங்களைப்போன்ற ஆட்களுக்கு ஊருக்கெல்லாம் பொதுவான காடு என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

லைசென்ஸ் எடுத்த முதல் வருடம் ஒரு மான் விழுந்தது. ஒன்பது வீட்டுக்குப் பங்கு போட்டீர்கள். அப்போது எனக்கு வயிற்றில் நாலு மாதம். வேட்டை இறைச்சி கிரந்தி, பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிரங்கு போட்டுவிடும் என்று நான் எங்கள் பங்கைத் தொடவில்லை.

"மான் கிரந்தி எண்டு உமக்கு ஆர் சொன்னது தங்கச்சி, மானோ?" என்று கேட்டீர்கள். கம்பஸில் படித்த ஆளும் இப்படிக் கதைக்கிறதே என்று இவரிடம் சொல்லிச் சிரித்ததும் எனக்குக் கேட்டது.

பிள்ளை பிறந்த பிறகு என்னைப் பிடித்த பயத்துக்கு என்ன பெயர் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் நித்திரையாகக் கிடந்தால் மூச்சு இருக்கிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். பத்து நிமிடத்தில் திரும்பவும் போய் வைப்பேன். யன்னல் திறக்க விடமாட்டேன். வீட்டுக்கு வருபவர்கள் கை கழுவினார்களா என்று குழாயடி வரைக்கும் பின்னால் போவேன். எனக்குக் கீழேதான் உங்கள் கட்டில் இருந்தது. நான் எத்தனை தரம் எழும்பி நடந்தேன் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரிந்திருக்கும். ஒருநாளும் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு நவம்பர். பிள்ளைக்கு ஏழு மாதம். ஒரு சனிக்கிழமை என்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு காட்டுக்கு வரச்சொல்லி இவரை நெருக்கியவர் நீங்கள். நான்கு சுவருக்குள் அடைந்து கிடக்கிறாள், வான் வண்டிக்குள் இருந்து தேத்தண்ணி குடிக்கட்டும், நாலு மரத்தைப் பார்க்கட்டும் என்றீர்களாம். துவக்கு இருக்கும் இடத்துக்குப் பிள்ளையோடு போவதா என்று இரண்டு நாள் சண்டை பிடித்தேன். கடைசியில் எனக்கே மூச்சு முட்டியதால்தான் சம்மதித்தேன்.

காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிந்துகொண்டிருந்தது. வாகனம் விடும் இடத்தில் இடமில்லை. வீதியோரம் முழுக்க ட்ரக்குகள். மரங்களுக்கிடையில் எங்கே பார்த்தாலும், தூரத்திலும் மனிதர் என்று தெரிய வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் அங்கிகள். தேருக்கு வந்த சனம் மாதிரிக் கிடக்கிறது என்றீர்கள். இவ்வளவு சனத்துக்குள் மான் எங்கே நிற்கும், எல்லாம் அடுத்த மாகாணத்துக்கு ஓடியிருக்குமே என்று இவர் கேட்டார்.

"இல்லை மச்சான். எல்லாரும் மானைத் தேடித் தூரத்துக்குப் போவினம். மான் ஒருத்தரும் பாராத கிட்டடியிலை வந்து ஒளிச்சு நிக்கும்" என்றீர்கள். வான் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சதுப்புப் பற்றை இருந்தது. எல்லோரும் அதைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருக்க, நீங்கள் அதன் ஓரத்தில் போய் இருக்கப் போவதாகச் சொன்னீர்கள்.

போகுமுன் எங்கள் இரண்டு பேருக்கும் செம்மஞ்சள் அங்கி தந்தீர்கள். வானை விட்டு இறங்கினால் அதைப் போடவேண்டும். வெள்ளையாக எதையும் வெளியே எடுக்கக்கூடாது, மூக்குத் துடைக்கிற கடதாசிகூட. இந்த நாட்டு மான் ஓடும்போது வாலைத் தூக்கும், வாலின் அடி முழுக்க வெள்ளை. சனம் நெருங்கிய காட்டில் வெள்ளை ஏதும் அசைந்தால் சில பேர் யோசிக்க மாட்டார்கள். இதை நீங்கள் இரண்டு தரம் சொன்னீர்கள், அண்ணை. இரண்டு தரமும் நான் புட்டிப்பாலின் சூட்டை என் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணியளவில் பிள்ளை அழத் தொடங்கினாள். இவர் வாகனம் விடும் இடத்தின் மூலையில் இருந்த கழிப்பறைக்குப் போயிருந்தார். அங்கியில் பிளாஸ்ரிக் நாற்றம் அடித்ததால் அதைக் கழற்றிப் பின் இருக்கையில் போட்டிருந்தேன். பிள்ளை பாலையும் தட்டிவிட்டு நீலம் பாரித்துப்போய்க் கத்தினாள். அவளுக்கு ஒரு துணி இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்பாவின் பழைய வேட்டியை நாலாய்க் கிழித்து, தோய்த்துத் தோய்த்து மெதுவாக்கி, ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் அம்மா கொடுத்துவிட்டது. அதால் சுற்றினால்தான் அவள் அடங்குவாள். அது வெள்ளை என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அது பிள்ளையின் துணி, அவ்வளவுதான். சுற்றி, தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள், இந்தக் கிட்டடியில் உங்களைத் தவிர ஆர் இருக்கப் போகிறார்கள் என்று அந்தப் பற்றையோரப் பாதையால் நாற்பது அடி நடந்திருப்பேன். பிள்ளை அடங்கினாள். துணியின் நுனி காற்றில் ஆடியது.

"குனி! குனி!"

உங்கள் குரல் என்று தெரியுமுன்பே உங்களைக் கண்டேன். பற்றையைப் பிரித்துக்கொண்டு, ஒரு கையில் துவக்கும் மறு கையில் தொப்பியுமாக, தொப்பியை வீசி வீசி என்னை நோக்கி ஓடிவந்தீர்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு மான் எழும்பி, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து போனது. நான் குனியவில்லை. துவக்கோடு ஓடிவரும் ஒருவரைக் கண்டு மரமாக நின்றேன். வந்ததும் தொப்பியைப் பிள்ளையின் தலையில் முகம் மறைய அழுத்திவிட்டு, வாழ்க்கையில் முதல் தரம் என்னை நீ என்று பேசினீர்கள்.

"உனக்கென்ன விசரோ? நீயெல்லாம் ஒரு தாயோ?"

உங்கள் உதடு நடுங்கியது. நான் அதைக் கோபம் என்று நினைத்தேன். இவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். பற்றையின் மறுபக்கம் இன்னொரு வேட்டைக்காரர், வயதான வெள்ளைக்காரர், தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்தார். மான் தப்பியதற்காக ஒரு மனிதர் இவ்வளவு கவலைப்படுவாரா என்று நினைத்தது எனக்கு நல்ல ஞாபகம்.

திரும்பி வரும்போது தொப்பி பிள்ளையின் உடுப்புப் பைக்குள் கிடந்தது. நீங்கள் வேறு என்ன சொல்லியிருந்தாலும் நான் விட்டிருப்பேன், அண்ணை. அந்தக் கேள்வியை மட்டும் நான் அந்த ஏழு மாதமும் ஒவ்வொரு நாளும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். அதை நீங்கள் எடுத்து வெளியே போட்டதுதான் தாங்கவில்லை. துவக்கோடு என் பிள்ளையை நோக்கி ஓடிவந்த ஆள் இந்த வீட்டில் இருந்தால் நான் இருக்கமாட்டேன் என்று இவரிடம் சொன்னேன். உங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் படிக்கட்டின் தலைப்பில் நின்று சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை போய்விட்டீர்கள். இரண்டு பயணப்பை, ஒரு கசெற் ரெக்கோடர். படியில் நின்று, "வாறன் தங்கச்சி" என்றீர்கள். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரேயொரு தரம்தான் கண்டேன். ஒரு கலியாண மண்டபத்தில் தூரத்து மேசையில் இருந்தபடி பிள்ளைக்குக் கை காட்டினீர்கள். அவளும் காட்டினாள். நான் அவளைத் தூக்கி என் மற்றப் பக்கத்துக் கதிரையில் இருத்தினேன். இறங்கிய உங்கள் கை மேசை விரிப்பைத் தடவிச் சரி செய்துகொண்டது.

போன வருடம் தை மாதம், வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள் என்று தகவல் வந்தது. இறுதிக் கிரியை முடிந்து நானூற்றொன்று நெடுஞ்சாலையால் திரும்பி வரும்போது இவர் வீதியோரம் காரை நிறுத்தினார். இஞ்சினை நிற்பாட்டினார். பிறகுதான் சொன்னார்.

அன்றைக்கு அந்த வெள்ளைக்காரக் கிழவர் துவக்கைத் தோளில் வைத்துக் குறி பார்த்தது மானை அல்ல. பற்றைக்கு மேலாக ஆடிய வெள்ளைத் துணியை. நீங்கள் அதைக் கண்டு, அவருடைய துவக்குக்கும் எங்களுக்கும் நடுவில் எழும்பி ஓடிவந்திருக்கிறீர்கள். இவர் கழிப்பறையடியில் நின்று முழுவதையும் கண்டார். அன்றைக்கே உங்களைக் கெஞ்சிக் கேட்டாராம், அவளிடம் சொல்லிவிடுவோம் என்று. நீங்கள் மறித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள்.

"அவள் ஏற்கெனவே நித்திரை கொள்ளிறாள் இல்லை மச்சான். இதையும் சொன்னால் பிள்ளையைக் கீழை இறக்கிவிட மாட்டாள். என்னோடை கோவிச்சுக்கொண்டு இருக்கட்டும். அது அவளுக்குச் சுகம்."

நீங்கள் சொன்னது சரிதான். உங்களோடு கோபமாக இருந்தது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. நாலு வருடம் நித்திரை கொண்டேன். அந்தக் கோபத்துக்குள் போய் ஒளிந்துகொள்ள நல்ல இடம் இருந்தது. காட்டுக்குப் போய்வந்த அடுத்த கிழமையே நீங்கள் துவக்கை விற்றுவிட்டதையும், அதன் பிறகு எந்த நவம்பரிலும் காட்டுப் பக்கம் போகவில்லை என்பதையும் இவர் அன்றைக்குத்தான் சொன்னார். ஒன்பது வீட்டுக்குப் பங்கு வராமல் போனபோது ஏன் என்று நான் யோசிக்கக்கூட இல்லை.

பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது நடக்கிறது. பெட்டிமேல் இருந்த என்னிடம் வந்து தொப்பியைப் பறித்துத் தன் தலையில் போட்டாள். கண்ணை மறைத்தது.

"ஆரின்ரை தொப்பி அம்மா?"

கீழ்வீட்டு மாமாவின்ரை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கலியாண மண்டபம் நினைவுக்கு வந்தது. "உனக்காகக் கத்தின மாமாவின்ரை" என்றேன்.

"என்னெண்டு கத்தினவர்?"

"குனி எண்டு."

அவளுக்கு அது விளையாட்டாகப் பட்டது. தொப்பியோடு பெட்டிகளுக்கிடையில் குனிந்து ஒளிந்துகொண்டாள். சத்தமில்லை. என் கை தானாக நீண்டது, போய் அவள் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்க. அந்தக் கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன், அண்ணை. அவள் தானாக எழும்பும்வரை, அட்டைப் பெட்டிக்கு மேலாகத் தெரிந்த அந்தச் செம்மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.