சீட்டை நாலு விரல் உயர்த்திவிட்டேன், பாமா

முருகன் காலடியில் சுகமாக இருக்கும் என் செல்லத் தங்கச்சி பாமாவுக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. பக்கத்து செக்டாரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, கீழே நின்று ஹாரன் அடித்து, வெள்ளிக்கிழமை தவறாமல் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போவாயே, அதற்கும் ஒன்பது மாதம். இப்போது உன் அத்தானிடம்தான் கேட்க வேண்டும். அவர் கார் சாவியைத் தேடி முடிப்பதற்குள் அங்கே தீபாராதனை முடிந்துவிடும். அவசரப்படுத்தினால், "சாமி எங்கயும் ஓடிப் போயிராதுளா" என்பார். சாமி ஓடாது என்று எனக்கும் தெரியும். இவரும்தான் ஓடுவதில்லை, நாற்காலியை விட்டு.

அதனால் ஒரு மின்சார சைக்கிள் வாங்கினேன். லைசென்ஸ் வேண்டாம். பெடலை மிதித்தால் மோட்டார் கூட உதவும். சைக்கிள்தான் நம் இரண்டு பேருக்கும் தெரியுமே.

ஓட்டப்போவது நான். கடைக்காரர் பேசியதெல்லாம் உன் அத்தானிடம். "அங்கிள்ஜி, ஆன்ட்டி எவ்வளவு தூரம் ஓட்டுவாங்க?" என்று இந்தியில் கேட்கிறார். நான் ஒரு முழம் தள்ளி நிற்கிறேன். எனக்கு இந்தி தெரியாது என்று நினைத்தாரா, வாயே கிடையாது என்று நினைத்தாரா?

சைக்கிளை ஆளுக்கு ஏற்ற மாதிரி பொருத்துவது என்றால் அந்த மனிதருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். என்னை உட்காரவைத்து, இரண்டு பாதமும் தரையில் தட்டையாகப் படிகிறவரை சீட்டை இறக்கினார். "லேடீஸ் கே லியே பெஸ்ட்" என்றார், பெண்களுக்கு இதுதான் சரியாம். "அச்சா, அச்சா. கால் தரையில பட்டாப் போதும்" என்று உன் அத்தான் தீர்ப்புச் சொன்னார். தரையில் நிற்பதற்கு எனக்கு எதற்குச் சைக்கிள்? பெடலில் என் கால் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

மூன்று நாள் ஓட்டினேன். முழங்கால் நெஞ்சு வரைக்கும் வந்தது. படி ஏற முடியாத வலி. புதன்கிழமை நம் அடுக்குமாடிச் சொசைட்டி கேட் பக்கத்தில் பிரேக் கைக்கு எட்டாமல் விழுந்தேன். பால்கனியிலிருந்து குரல் வந்தது: "நாந்தான் அப்பவே சொன்னேம்லா." அப்போது அவர் சொன்னது கால் தரையில் பட்டால் போதும் என்பது. பட்டது. காலோடு முழங்கையும் பட்டது.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கடைக்குப் போன் போட்டு, இந்தியில் அண்ணன் முறை வைத்துச் சொன்னார். "பையா, சனிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. இவங்களுக்குச் சரிப்படல."

அன்று நான் சைக்கிளுக்காக அழவில்லை, பாமா. அது போய்விட்டால், சாகிறவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்த மனிதர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டுமே என்றுதான் அழுதேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளோடு வந்த சிறு கையேட்டை எடுத்தேன். கடைக்காரர் அதைப் பிரித்தே பார்த்ததில்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. சீட் உயரத்துக்குக் கால் நீளத்தை அளக்க வேண்டுமாம். சுவரோடு ஒட்டி நின்று, தடித்த புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே மேலேற்றி வைத்து, தரையிலிருந்து அளக்கச் சொல்கிறது.

புத்தகத்தையா? தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற நாமா? சுலோகப் புத்தகம் நினைக்கவே கூடாது. என் கணக்கு நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையார் சுழி. கடைசியில் கண்ணில் பட்டது உன் அத்தானின் சொசைட்டி கமிட்டி ஃபைல். லிஃப்டைப் பற்றி ஆறு வருஷமாக எழுதிய மீட்டிங் குறிப்புகள். லிஃப்ட் இன்னும் மூன்றாம் மாடியில் நிற்பதில்லை. சரஸ்வதி அதற்குள் ஒரு நாளும் எட்டிப் பார்த்திருக்க மாட்டாள் என்று தோன்றியது. ஆனாலும் முருகனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் வைத்தேன்.

தையல் டேப்பால் அளந்து, கையேட்டில் சொன்னபடி கணக்குப் போட்டேன். சீட்டை நாலு விரல் உயர்த்த வேண்டியிருந்தது. குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள்கிறது. முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாகத்தான் மடங்குகிறது. ஹாண்டிலை என் பக்கம் சாய்த்தேன். பிரேக்கில் ஒரு சிறிய திருகு இருக்கிறது. அதைத் திருகினால் பிரேக் விரலுக்குக் கிட்டே வரும். அரை நிமிஷ வேலை. அதைச் செய்யாததால்தான் நான் விழுந்தேன்.

நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கிக் கால் ஊன்ற வேண்டும். வியாழன் முழுக்கப் பார்க்கைச் சுற்றி அதைத்தான் பழகினேன். வெள்ளி மாலை தனியாகக் கோயிலுக்குப் போனேன். உன் மகள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். உன் முதுகு மறைக்காமல் அந்த ரோட்டை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். இவ்வளவு குண்டும் குழியுமான ரோட்டிலா இத்தனை வருஷம் என்னைக் கூட்டிப்போனாய்? ஒரு நாள்கூடச் சொல்லவில்லையே, ஏன்?

சனிக்கிழமை கடைக்காரர் வண்டியோடு வந்து, சீட்டைப் பார்த்துத் திடுக்கிட்டார். "ஆன்ட்டிஜி விழுந்துடுவாங்க, அங்கிள்ஜி." அப்போதும் அங்கிள்ஜியிடம்தான்.

"ஏளா, யாரைக் கேட்டு ஏத்துன?" என்றார் உன் அத்தான்.

"என் காலைக் கேட்டு."

ஏறி உட்கார்ந்து, அவர்கள் இரண்டு பேரையும் இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, கடைக்காரரின் காலுக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் பிடித்து நிறுத்தினேன். "வண்டி காலியாகத்தான் போகும், பையா" என்று இந்தியில் சொன்னேன். போயிற்று.

மறுநாள் உன் மகள் வந்தாள். "பெரிம்மா, நானும் சலாவறேன், ப்ளீஸ் நா" என்கிறாள், அவள் தமிழில். ஓட்டுவதைத்தான் அப்படிச் சொல்கிறாள். உயரத்தில் உன்னைப் போலவே இருக்கிறாள். அவளையும் அளந்து, சீட்டுக் கம்பியில் நகப்பாலிஷால் இரண்டு கோடு போட்டேன். மேலே எனக்கு, கீழே அவளுக்கு; கம்பி அதிகம் வெளியே வந்தால்தானே சீட் உயரும். நேற்று உன் அத்தான் மெதுவாக வந்து, "பால் வாங்க நானும் ஒருக்கா எடுத்துட்டுப் போறேன், எனக்கும் ஒரு கோடு போடேன்" என்றார். "கால் தரையில பட்டாப் போதும்லா, எதுக்குக் கோடு?" என்றேன்.

உனக்கு வாக்குத் தருகிறேன், பாமா. உன் பிள்ளை வளர வளர அவள் கோட்டை நானே அளந்து மாற்றுவேன். என் கையால் அந்தக் கம்பியில் மூன்றாவது கோடு விழாது.

உன் மகளுக்குப் பெரியம்மா, உனக்கு என்றும் அக்கா,
கோமதி