லமினேட் செய்த வாக்காளர் அட்டை

ஜூன் 9, திங்கள். நித்திரை வரவில்லை.

வெளிநாட்டவர் இந்த நாட்டுக் குடியுரிமைக்குப் பத்து வருடம் காத்திருப்பதை ஐந்தாக்கும் வாக்கெடுப்பு இன்று தோற்றது. அது செல்லுபடியாகப் பாதிப்பேராவது வாக்களித்திருக்க வேண்டும். போகாதீர்கள் என்று ஆளும் தலைவர்கள் சொன்னார்கள், சனமும் போகவில்லை. எனக்கு இங்கே ஏழு வருடம்.

நான் சம்பளத்துக்குப் பராமரிக்கும் கிழட்டு சிஞ்ஞோராவை, அந்த வீட்டு அம்மாவை, காலையில் சக்கர நாற்காலியில் வாக்குச்சாவடிக்குத் தள்ளிப் போனேன். அவ உள்ளே வாக்களித்தா. நான் வாசலில் நின்றேன்.

போன வருடம் குடியுரிமை எடுத்த என் அண்ணன், குடும்பத்தோடு ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் குளித்துவிட்டு, பின்னேரம் எனக்கு மீன் கொண்டுவந்தார்.

“ஏன் அண்ணா வாக்குப் போடேல்லை?”

“நான் பதினாலு வருஷம் அலைஞ்சு எடுத்தனான். மற்றவைக்கு அஞ்சு வருஷத்திலை குடுக்கிறதோ?”

“நானும் அந்த மற்றவையோ?”

“மீனை இப்பவே வெட்டி வை, பழுதாப்போகும்.”

தலைவர்களைத் திட்டலாம். இவரை என்ன செய்ய?

அவர் வீட்டில் மாதா படத்தின் கீழே அவருடைய வாக்காளர் அட்டை இருக்கிறது. வாக்களிக்கும் ஒவ்வொரு முறையும் அதில் முத்திரை குத்துவார்கள். கிடைத்த அன்றே, கசங்கிவிடும் என்று பயந்து, லமினேட் செய்துவிட்டார்.

இனி எந்த மையும் அதில் ஒட்டாது.