கசகசாக் காட்டுக்குத் தண்ணி விட்டவன்

அன்புச் செல்வம் தமிழினிக்கு உன் சித்தப்பா வெள்ளியங்கிரி எழுதுவது. நீ கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், நான் நலம், உன் சித்தி நலம், போர்வெல் வண்டி இரண்டும் நலம், உன் அம்மா போன வாரத்துக்கு இந்த வாரம் நலம், டென்மார்க் குளிரில் உனக்கு நம்ம திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரர் துணை இருப்பார். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அதனால் தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுக்கப் படி, பாதியில் கோபப்படாதே.

முதுகெலும்புக்குப் புற்று இறங்கியதிலிருந்து உன் அம்மா படுகிற வேதனையில் நீ வீடியோவில் பார்த்தது கால் பங்குகூட இல்லை. உன்னிடம் பேசும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவார், போனை வைத்ததும் துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொள்வார். சேலத்து டாக்டரம்மா ஜாக்குலின் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார், உன் அம்மா அதை வாயில் போடுவதுபோல் போட்டு, துப்பி, சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார், சித்தி ஒட்டடை அடிக்கும்போது பொலபொலவென்று கொட்டியது. ஏனுங்க நங்கையா இப்படிப் பண்றீங்க என்று அண்ணி என்கிற உரிமையில் நான் கேட்டால், அது அபினாமா தம்பி, எம் புள்ள வேற மருந்து கண்டுபுடிச்சு ஆடிக்குள்ள அனுப்புதுன்னு நீதானே சொன்னே, அது வார வரைக்கும் நான் பொறுத்துக்குவேன் என்கிறார். சொன்னேன்தான். நீ சொன்னதை வைத்துத்தானே சொன்னேன். வலி வந்தால் உடம்பே ஒரு மருந்தைச் சுரக்கிறது, அது பூட்டில் சாவிபோல் போய் உட்கார்ந்தால் வலி அடங்குகிறது, அபினும் அதே பூட்டைத்தான் திறக்கிறது, மூச்சைக் குறைக்காத, பழக்கமாகாத இன்னொரு சாவியை ஒரு செடியின் இலையிலிருந்து தேடுகிறேன் என்று நீ சொன்னாயா இல்லையா. எட்டாவதில் விஞ்ஞானத்தில் முதல் மார்க் வாங்கியவன் நான், உடனே புரிந்துகொண்டேன். இப்போதைக்கு எலியோடு நிற்கிறது, மனுசருக்கு வர வருசக்கணக்காகும் என்றும் ஏதோ சொன்னாய், அந்த இடத்தில் சிக்னல் சரியில்லை. கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்டார்கள், ஆடிக்குள் வந்துவிடும் என்றேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, நம்ம வீட்டுப் பிள்ளையின் பெருமையை நான் சொல்லாமல் வேறு எவன் சொல்லுவான்.

இந்த லட்சணத்தில் அப்புசாமி மாமா உடம்பு பார்க்க வந்தார். ஆப்பிளைக் கொடுத்த கையோடு, உங்க புள்ள அங்க போதைமருந்துதான் காச்சுதாமா, நம்ம சனத்துக்கு இதெல்லாம் ஆகுமா என்று உன் அம்மா முகத்துக்கு நேராகவே கேட்டார். விடுவேனா நான். ஏனுங்க மாமா, அபின் உங்க மண்டைக்குள்ளயே ஊறுதுங்க, தமிழினி எழுதியிருக்குது, போலீசு வந்தா மொதல்ல உங்களத்தானுங்க புடிக்கோணும் என்றேன். அவர் தலையைத் தடவிக்கொண்டார். அதோடு விட்டேனா, உங்க ஊட்டுக் குருமாவுக்குக் கசகசா அரைக்கறீங்களே, அதுவும் அதே அபின் செடியிலதானுங்க காய்க்குது, தெரியுங்களா என்று கேட்டேன். மனுசன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். உன் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்ததில் வலி கூடிவிட்டது, கண்ணில் தண்ணி வந்துவிட்டது, அந்த நிலையிலேயே, நம்ம பாப்பா அனுப்பற மருந்து எப்பத் தம்பி வரும் என்று கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. வந்துருச்சுங்க நங்கையா, இதாங்க என்று அந்த மார்ஃபின் மாத்திரையையே கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, இதுல பாப்பா பேரையே காணமே என்றார். கண்டுபுடிச்சவங்க பேர மாத்திரையில போடமாட்டாங்க, பேரு எழுதறதெல்லாம் நம்ம போர் வண்டியிலதானுங்க என்றேன். விழுங்கிவிட்டார் சாமி. அன்றைக்கு மத்தியானம் பொங்கலுக்குப் பிறகு முதல் தடவையாகக் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார், எழுந்து மோர் ஊற்றிக் கம்மஞ்சோறு கேட்டுச் சாப்பிட்டார்.

டாக்டரம்மாவிடம் வீரமாகப் போய்ச் சொன்னேன், பிடித்துத் திட்டினார். நாங்க சொல்ற அளவுல வலிக்குச் சாப்பிட்டா பயப்பட ஒண்ணுமில்ல, அதை விளக்கிச் சொல்லாம பொய் சொல்லிக் குடுக்கலாமா, நாளைக்கு எவனாவது உண்மைய உடைச்சா மறுபடி துப்பிருவாங்க, வர்ற புதன்கிழமை வந்து நானே சொல்லப்போறேன் என்றார். சொல்லுங்க, பக்கத்துல நின்னு இல்லைன்னு சொல்ல எனக்கும் வாய் இருக்குதுங்க என்று வந்துவிட்டேன். நான் சொன்னதில் எது பொய் என்று நீயே சொல்லு. மத்தியப் பிரதேசத்தில் சர்க்கார் லைசென்சு வாங்கிய கசகசாக் காட்டுக்கு நடுவில் போர் போட்டவன் நான். எட்டு கம்பெனி கைவிட்ட இடத்தில் நான் காலால் கோடு கிழித்தேன், தண்ணி பீறிட்டு அடித்ததில் பக்கத்து ஊர் ஒட்டகம் நனைந்தது. அந்தக் காயைக் கீறி வடிகிற பாலை சர்க்கார் எடுத்துப்போய்த்தான் மார்ஃபின் பண்ணுகிறது. செடிக்குத் தண்ணி விட்டவன் நான், பூட்டைப் பற்றிப் படிக்கிறவள் நீ, இது நம்ம குடும்பத்து மருந்து இல்லாமல் அப்புசாமி குடும்பத்து மருந்தா.

நேற்று மாத்திரை கொடுக்கும்போது உன் அம்மா, பாப்பாகிட்டச் சொல்லு தம்பி, மருந்து நல்லாக் கேக்குது, கசப்பு மட்டும் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, அப்புசாமி மாமா போன பிறகு சிரித்தாரே அதே சிரிப்பு. அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் தோண்டவில்லை, எங்கே தோண்டணும் எங்கே தோண்டக்கூடாது என்று தெரிந்த தொழில் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது உன்னிடமே கேட்பார். உனக்குப் பொய் வராது, சின்ன வயதிலேயே என்னைக் காட்டிக்கொடுத்தவள் நீ. அதனால் வேறெதுவும் சொல்ல வேண்டாம், கசப்பைக் குறைக்கத்தானம்மா பாத்துட்டு இருக்கறேன் என்று மட்டும் சொல்லு. நீ செய்கிற வேலையே அதுதானே, அதில் பொய் எங்கே இருக்கிறது.

எலிகளிடம் ஜாக்கிரதையாக இரு, காதை மூடிக் குல்லா போடு. நீ தேடுகிற சாவி உன் கையிலேயே கிடைக்கட்டும், நீ நூறு வருசம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடாதே.

இப்படிக்கு
எவனுக்கும் பயப்படாத உன் சித்தப்பா
வெள்ளியங்கிரி